தியான்சந்தும் பத்துத் தோழர்களும்

ஹாக்கி ஆட்டத்தில் பந்து ஒன்று. ஆடுவோர் ஒரு பக்கத்துக்குப் பதினொருவர். பதினொருவருக்கும் அந்தப் பந்தின்மேல் ஆசை உண்டு. மாலை வேளையில் எந்தப் பள்ளி மைதானத்துக்கு வேண்டுமானாலும் சென்று பாருங்கள். முன்வரிசையில் நிற்க ஆளுக்கு ஆள் போட்டியிடுவார்கள். கோல் காக்க மட்டும் ஒருத்தியைக் கெஞ்சி அழைத்து வர வேண்டியிருக்கும். கோல் அடித்தவளின் பெயர் மறுநாள் காலை வகுப்பு வகுப்பாகப் பரவிவிடும். அந்தப் பந்தை மைதானத்தின் பாதித் தூரம் கொண்டு வந்து அவளிடம் சேர்த்தவள் பெயர், ஆட்டம் முடிந்து மட்டையைக் கீழே வைப்பதற்குள் மறந்து போகும்.

இப்படிப்பட்ட ஆட்டத்தில் எல்லோரையும்விட மிக உயர்ந்த திறமைசாலி ஒருவர் குழுவில் வந்து சேர்ந்துவிட்டால் என்ன ஆகும்? மற்றப் பத்துப் பேரும் அவரிடம் பந்தைத் தள்ளிவிட்டு வேடிக்கை பார்ப்பதா? அல்லது அவர் ஒருவர் இருப்பதையே மறந்து தத்தம் ஆட்டத்தை ஆடுவதா? அந்தத் திறமைசாலிதான் என்ன செய்வார்? இக்கேள்விகளை மனத்தில் வைத்துக்கொண்டு ஹாக்கி மேதை தியான்சந்தின் வாழ்க்கையை நாங்கள் படித்தோம். அவர் அடித்த கோல்களைப் பற்றி எழுதாதவர் இல்லை. அவருடைய மட்டையில் காந்தம் இருந்தது என்பது போன்ற கதைகளும் ஏராளம். அவற்றையெல்லாம் தோழியர் முன்பே கேட்டிருப்பீர்கள். ஆகவே அவர் ஆடிய குழுக்கள் எவ்வாறு அமைந்தன, அவற்றில் அவர் எவ்வாறு பொருந்தி நின்றார் என்பதையே இம்மலரில் சொல்ல முன்வந்திருக்கிறோம்.

தியான்சந்த் 1905ஆம் ஆண்டு ஆகஸ்டு 29ஆம் நாள் அலகாபாத் நகரில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் தியான் சிங். தந்தையார் சமேஷ்வர் சிங் பட்டாளத்தில் பணியாற்றியவர். ஹாக்கி ஆடத் தெரிந்தவர். பட்டாளத்துக்காரர் குடும்பத்துக்கு ஓர் ஊர் நிலையில்லை. மாற்றல் வரும்போதெல்லாம் மூட்டை கட்ட வேண்டும். அதனால் தியான் சிங்கின் படிப்பு ஆறாம் வகுப்போடு நின்றுவிட்டது. பின்பு குடும்பம் ஜான்சியில் நிலையாகத் தங்கியது. ஜான்சி என்றதும் நமக்கு ராணி இலட்சுமிபாயின் நினைவு வரும். ஹாக்கி அன்பர்களுக்கோ தியான்சந்தின் நினைவும் சேர்ந்தே வரும்.

சிறு வயதில் அவருக்கு மற்போரில்தான் பிரியம். ஹாக்கியைப் பற்றி அவ்வளவாக நினைத்ததே இல்லை. 1922இல் சாதாரணச் சிப்பாயாகப் படையில் சேர்ந்த பிறகுதான் அவர் கையில் மட்டை முறையாக ஏறியது. சுபேதார் மேஜர் பாலே திவாரி என்பவர் அவருக்கு ஆட்டத்தின் அரிச்சுவடியைக் கற்பித்தார். பகலில் அணிவகுப்பும் வேலையும் இருக்கும். ஆகவே தியான் சிங் இரவில் நிலா வெளிச்சத்தில் பயிற்சி செய்வார். இந்தியில் சந்த் என்றால் நிலவு. நிலவுக்காகக் காத்திருந்து ஆடியவர் தியான்சந்த் ஆனார்.

அக்காலத்து ஆட்ட அமைப்பைச் சற்றுச் சொன்னால்தான் மேலே வருவது விளங்கும். முன்வரிசையில் ஐவர் நிற்பார்கள். வலது ஓரத்தில் ஒருவர், இடது ஓரத்தில் ஒருவர், நடுவில் சென்டர் பார்வர்டு. நடுவருக்கும் ஓரத்தாருக்கும் இடையே வலப்புறம் ஒருவர், இடப்புறம் ஒருவர். இவ்விருவரையும் இன்சைடு பார்வர்டுகள் என்பார்கள். ஐவருக்குப் பின்னால் மூன்று ஹாப் பேக்குகள். அவர்களுக்குப் பின்னால் இரண்டு புல் பேக்குகள். கடைசியில் கோல் கீப்பர். ஹாக்கியில் எங்கிருந்து வேண்டுமானாலும் கோல் அடித்துவிட முடியாது. கோலுக்கு முன்னே வரைந்திருக்கும் வட்டத்துக்குள் வந்து அடித்தால்தான் கணக்கு. ஆகவே நடுவில் நிற்பவர் எவ்வளவு வல்லவரானாலும், பந்து அந்த வட்டம் வரை வந்து சேர வேண்டும். பின்னாலிருக்கும் ஹாப் பேக் பறித்துக் கொடுக்க, இன்சைடு ஆட்டக்காரர் இணைத்துத் தர, ஓரத்தில் ஓடுபவர் எதிரிகளைப் பக்கவாட்டில் இழுத்துச் செல்ல, அப்புறம்தான் நடுவருக்கு வழி திறக்கும். தியான்சந்த் அந்த நடு இடத்தில் ஆடினார். மிகச் சிறந்தவர் நடுவில் நின்றால் இன்னொரு பயனும் உண்டு. எதிரணியில் இருவரோ மூவரோ அவரையே சுற்றி நிற்பார்கள். அப்படியானால் வேறெங்கோ நம்மவர் இருவர் காவலின்றி நிற்கிறார்கள் என்று பொருள். இதைக் கண்டுகொள்ளும் கண் அந்தச் சிறந்தவருக்கு இருந்துவிட்டால் அக்குழுவைத் தடுப்பது கடினம்.

1926இல் இந்தியப் படைக் குழு ஒன்று நியூசிலாந்துக்குச் சென்றது. அதில் தியான்சந்துக்கும் இடம் கிடைத்தது. 21 ஆட்டங்களில் 18 வெற்றி, 2 சமன், ஒரே ஒரு தோல்வி. குழு அடித்த கோல்கள் 192. அவற்றில் நூறுக்கு மேல் தியான்சந்த் ஒருவர் அடித்தவை. திரும்பி வந்ததும் சிப்பாய் தியான்சந்தை லான்ஸ் நாயக்காக உயர்த்தினார்கள். நூறு கோலுக்கு ஒரு சிறு பதவி! ஆனால் அதைக் கண்டு அவர் மகிழ்ந்தார் என்றுதான் அறிகிறோம்.

அதற்கு முந்திய ஆண்டு, 1925இல், குவாலியரில் இந்திய ஹாக்கிக் கூட்டமைப்பு தோன்றியிருந்தது. 1928இல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்குக்கு ஒரு குழு அனுப்புவதென முடிவாயிற்று. ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கக் கல்கத்தாவில் மாகாணங்களுக்கிடையே போட்டி வைத்தார்கள். ஐக்கிய மாகாணம், பஞ்சாப், வங்காளம், ராஜபுதனம், மத்திய மாகாணம் ஆகிய ஐந்து குழுக்கள் வந்தன. ஐக்கிய மாகாணம் வென்றது. நடுவில் தியான்சந்தும் அவருக்கு வலப்புறம் ஜார்ஜ் மார்த்தின்சும் சேர்ந்து ஆடிய ஆட்டத்தை எல்லோரும் பாராட்டினார்கள். கவனியுங்கள், முதல் அகில இந்தியப் பெயர் கிடைத்தபோதே அது இருவருக்கும் சேர்த்துத்தான் கிடைத்தது.

தேர்ந்தெடுக்கப்பட்ட குழுவைப் பார்த்தால் அந்நாளைய இந்தியாவின் ஒரு சிறு படம் போல இருக்கும். தலைவர் ஜெய்பால் சிங், சோட்டா நாகபுரியின் முண்டா பழங்குடியில் பிறந்து இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டில் படித்தவர். ஆங்கிலோ இந்தியர் பலர். கோல் காத்த ரிச்சர்டு ஆலன் அவர்களில் ஒருவர். ஹாப் பேக் பின்னிகர் இன்னொருவர். பஞ்சாபிலிருந்து சீக்கியரும் முகம்மதியரும் வந்தார்கள். படையிலிருந்து தியான்சந்த். ஒருவர் பேசும் மொழி மற்றவருக்குச் சரியாகப் புரியாது. சாப்பாட்டுப் பழக்கங்கள் வேறு. சிலர் பட்டதாரிகள், தியான்சந்தோ ஆறாம் வகுப்புக்காரர். பம்பாயில் கப்பல் ஏறுவதற்கு முன் அவ்வூர்க் குழுவிடம் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் தோற்கவும் செய்தார்கள். 1928 மார்ச் 10ஆம் நாள் அவர்கள் புறப்பட்டபோது வழியனுப்ப வந்தவர்கள் மூவரே.

ஆம்ஸ்டர்டாமில் ஆஸ்திரியாவை ஆறுக்குப் பூச்சியம், பெல்ஜியத்தை ஒன்பதுக்குப் பூச்சியம், டென்மார்க்கை ஐந்துக்குப் பூச்சியம், சுவிட்சர்லாந்தை ஆறுக்குப் பூச்சியம் என வரிசையாக வென்றார்கள். மே 26ஆம் நாள் இறுதி ஆட்டம். எதிரே நிற்பவர்கள் அந்நாட்டவரான டச்சுக்காரர்களே. அந்த நாளில் நம்மவர் நிலை பரிதாபமாக இருந்தது. தலைவர் ஜெய்பால் சிங் அதற்கு முன்பே குழுவைவிட்டுப் போயிருந்தார். பெரோஸ்கான், சௌகத் அலி, கேர் சிங் ஆகியோர் நோயில் படுத்திருந்தனர். தியான்சந்துக்கும் உடல்நலம் இல்லை. இருந்தும் களம் இறங்கினார்கள். மூன்றுக்குப் பூச்சியம் என்று வென்று தங்கப் பதக்கம் பெற்றார்கள். ஐந்து ஆட்டங்களில் இந்தியா அடித்த 29 கோல்களில் 14 தியான்சந்துடையவை. மீதி 15 மற்றவர்கள் அடித்தவை. இந்தியா வாங்கிய கோல் ஒன்றுகூட இல்லை. எங்களைக் கேட்டால், அந்தப் பதினான்கைப் புகழும் அதே குரலில் ஆலனின் பூச்சியத்தையும் புகழ வேண்டும். 1928, 1932, 1936 ஆகிய மூன்று ஒலிம்பிக்குகளிலும் கோல் காத்த அவரைத் தாண்டி உள்ளே சென்ற பந்துகள் இரண்டே இரண்டு.

1932ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. வந்திருந்த நாடுகளே மூன்று. ஜப்பானைப் பதினொன்றுக்கு ஒன்று என்றும், அமெரிக்காவை இருபத்து நான்குக்கு ஒன்று என்றும் இந்தியா வென்றது. எண்ணிக்கை பெரிது, எதிரிகள் எளியவர்கள். எனினும் இங்கே இரண்டு செய்திகள் நம் பொருளுக்கு வேண்டும். முதலாவது, அந்தக் குழுவின் தலைவர் லால் ஷா புகாரி, தியான்சந்த் அல்ல. உலகிலேயே முதல்வர் என்று பெயர் பெற்ற பின்னும் அவர் இன்னொருவர் தலைமையில் முணுமுணுப்பின்றி ஆடினார். இரண்டாவது, அவருடைய தம்பி ரூப் சிங் இடது இன்சைடு இடத்துக்கு வந்து சேர்ந்தார். அமெரிக்காவுக்கு எதிராக அண்ணன் 8 கோல் அடித்தார். தம்பி 10 அடித்தார்.

இனி 1933க்கு வருகிறோம். இங்கே ஒலிம்பிக்கும் இல்லை, தங்கப் பதக்கமும் இல்லை. ஆயினும் தியான்சந்த் தாம் ஆடிய ஆட்டங்களிலெல்லாம் சிறந்தது எது என்று கேட்டவர்களுக்கு இந்த ஆண்டின் ஓர் ஆட்டத்தைத்தான் சுட்டினார். ஆகவே சற்று நின்று பார்ப்போம்.

கல்கத்தாவில் 1895 முதல் நடந்துவரும் புகழ்பெற்ற போட்டி பெய்ட்டன் கோப்பை. அதில் வெல்வது அந்நாளில் எந்தக் கழகத்துக்கும் பெருமை. சொந்த ஊரான ஜான்சியில் தியான்சந்தும் நண்பர்களும் ஜான்சி ஹீரோஸ் என்றொரு கழகம் வைத்திருந்தார்கள். அந்தக் கழகம் 1933இல் பெய்ட்டன் கோப்பைக்குச் சென்றது. குழுவில் பெயர் சொல்லும்படியான ஆட்டக்காரர்கள் தியான்சந்த், ரூப் சிங், இஸ்மாயில் ஆகிய மூவரே. மற்றவர்கள் பெரிய ஆட்டங்களைக் கண்டறியாத ஊர்ப்பிள்ளைகள். இறுதி ஆட்டத்தில் எதிரே நின்றது கல்கத்தா கஸ்டம்ஸ் குழு. சௌகத் அலி, டீப்ஹோல்ட்ஸ், ஆசாத் அலி என்று எந்த இடத்தைப் பார்த்தாலும் தேர்ந்த கைகள். தம்முடைய குழுவைவிட அந்தக் குழுவே வலியது என்று தியான்சந்துக்கும் தெரிந்திருந்தது.

அன்றைய ஆட்டத்தில் கஸ்டம்ஸ் குழுதான் மேலோங்கி நின்றது. ஜான்சிப் பிள்ளைகள் தங்கள் எல்லைக்குள் நின்று மூச்சு முட்டத் தடுத்துக்கொண்டிருந்தார்கள். தியான்சந்தைச் சுற்றிக் காவல். இந்த நிலையில் மைதானத்தின் நடுப்பகுதியில் பந்து அவரிடம் வந்தது. அவர் அதைத் தாமே எடுத்துக்கொண்டு ஓடவில்லை. இடைவெளி ஒன்று திறந்திருப்பதைக் கண்டு, அதன் வழியே பந்தை இஸ்மாயிலுக்கு அனுப்பினார். இஸ்மாயில் ஓட்டத்தில் வல்லவர். மைதானத்தின் பாதியை ஒரே ஓட்டமாக ஓடிக் கடந்தார். எதிரணியின் இடப்புற ஆட்டக்காரரும் கோல் கீப்பரும், பந்தை எடுப்பது நீயா நானா என்று ஒரு கணம் தயங்கினார்கள். அந்தக் கணத்தில் இஸ்மாயில் கோல் அடித்துவிட்டார். ஆட்டம் முழுவதிலும் விழுந்த கோல் அது ஒன்றுதான். கோப்பை ஜான்சிக்கு வந்தது.

ஆயிரம் கோல் அடித்தவர் என்று உலகம் போற்றிய ஒருவர், தாம் ஒரு கோலும் அடிக்காத ஆட்டத்தையே தம்முடைய சிறந்த ஆட்டமாக நினைத்திருக்கிறார். இதைப் படித்தபோது நாங்கள் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சற்று நேரம் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். மூன்று நட்சத்திரங்களையும் எட்டுப் புதியவர்களையும் வைத்துக்கொண்டு வலிய குழுவை வெல்வது எப்படி? புதியவர்களை முன்னால் தள்ளாமல் தடுக்கும் வேலையில் நிறுத்தினார்கள். அந்த வேலைக்கு மன உறுதி இருந்தால் போதும். கூர்மையான வேலையை மூவர் ஏற்றார்கள். அந்த மூவருள்ளும் மிகப் பெரியவர், எதிரிகள் தம்மையே பார்த்துக்கொண்டிருக்கட்டும் என்று விட்டுவிட்டு வேறொருவரைத் திறந்துவிட்டார்.

ஒரு கணக்கையும் இங்கே சொல்ல வேண்டும். எங்களுள் கணக்கில் ஆர்வமுள்ள தோழி ஒருத்தி போட்டுக் கொடுத்தது. 1926 நியூசிலாந்துப் பயணத்தில் குழுவின் கோல்களில் பாதிக்கு மேல் தியான்சந்துடையவை. 1928 ஒலிம்பிக்கில் அது பாதிக்குச் சற்றுக் குறைவு. 1932இல் ஒலிம்பிக்கையும் சேர்த்து அக்குழு மேற்கொண்ட நெடும் பயணத்தில் 37 ஆட்டங்கள், 338 கோல்கள், அவற்றில் தியான்சந்த் அடித்தவை 133. அதாவது நூற்றுக்கு முப்பத்தொன்பது. 1935இல் அவர் தலைமையில் ஒரு குழு நியூசிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் சென்றது. போகும் வழியில் இலங்கையிலும் ஆடியது. 48 ஆட்டங்களில் 584 கோல்கள். அவற்றில் அவருடையவை 201. நூற்றுக்கு முப்பத்து நான்கு. அவர் அடித்த கோல்கள் குறையவில்லை. குழுவின் கோல்களில் அவர் பங்குதான் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வந்தது. எதிரணிகளின் வலிமை ஒரேபடி இருந்திராது என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனாலும் அவரைச் சுற்றி ஒரு குழு வளர்ந்து வந்தது என்பதை இக்கணக்கு காட்டுகிறது.

தலைமை அவருக்குத் தானாக வரவில்லை. 1935 பயணத்துக்கு முதலில் நியமிக்கப்பட்டவர் மனவதார் நவாபு. அவர் விலகிக்கொண்ட பிறகே தியான்சந்துக்கு அழைப்பு வந்தது. அந்தப் பயண வெற்றிக்குப் பின் 1936 பெர்லின் ஒலிம்பிக்குக்கும் அவரையே தலைவராக்கினார்கள்.

இங்கேதான் சோதனை தொடங்குகிறது. அவ்வாண்டு ஜூன் மாதம் டெல்லியில் கூடிய ஒலிம்பிக் குழு, அவ்வூர்க் குழு ஒன்றிடம் நான்குக்கு ஒன்று என்று தோற்றது. முதல் ஆட்டம், இன்னும் பழகவில்லை என்று சமாதானம் சொல்லிக்கொண்டார்கள். பிறகு சில ஊர்களில் ஆடி வென்று, கப்பலேறி ஜெர்மனி போய்ச் சேர்ந்தார்கள். ஜூலை 17ஆம் நாள் பெர்லினில் ஜெர்மனிக் குழுவோடு ஒரு பழகும் ஆட்டம். மறுபடியும் நான்குக்கு ஒன்று என்று தோல்வி! தியான்சந்த் இருந்தார், ரூப் சிங் இருந்தார், ஆலன் இருந்தார், டாப்செல் இருந்தார். இருந்தும் தோல்வி. பதக்கப் போட்டி தொடங்க இன்னும் மூன்று வாரங்கூட இல்லை. அன்றிரவு அவருக்குத் தூக்கம் வரவில்லை. உயிருள்ளவரை அந்த ஆட்டத்தை மறக்க முடியாதென்று பின்னாளில் அவரே எழுதி வைத்தார்.

இந்த நேரத்தில் ஒரு தலைவர் என்னவெல்லாம் செய்யலாம்? யாராவது ஒருவர்மேல் பழி போடலாம். இன்னும் அதிகமாகத் தாமே ஓடி ஆடிச் சரிக்கட்டிவிடலாம் என்று நினைக்கலாம். இரண்டும் மனித இயல்புதான். ஆனால் அவரும் மேலாளர்களும் கூடிப் பேசியபோது, எங்கே ஓட்டை என்று பார்த்தார்கள். இடப்புறத்தில் ரூப் சிங்கும் ஜாபரும் இருக்கிறார்கள். அது நன்றாக ஓடுகிறது. வலப்புறம் அவ்வாறு இணையவில்லை. வலது இன்சைடு இடத்தில், பின்னாலிருந்து பந்தை வாங்கி முன்னால் சேர்க்கும் கை வேண்டும். அந்தக் கை இல்லாததால் ஆட்டம் ஒருபுறமாகச் சாய்ந்து, எதிரிகளுக்குக் காவல் காப்பது எளிதாகிவிட்டது. அந்த இடத்துக்கு ஏற்றவர் பஞ்சாபைச் சேர்ந்த தாரா என்ற இளைஞர். அலி இக்திதார் ஷா தாரா என்பது முழுப் பெயர். அவரோ இந்தியாவில் இருக்கிறார். உடனே தாராவை அனுப்புங்கள் என்று பெர்லினிலிருந்து செய்தி பறந்தது.

வண்டியில் ஒரு சக்கரம் சரியில்லை என்றால் குதிரையை எவ்வளவு அடித்தும் பயனில்லை. சக்கரத்தை மாற்ற வேண்டும். அதைத்தான் அவர்கள் செய்தார்கள்.

தாரா வருவதற்குள் முதற்சுற்று ஆட்டங்கள் முடிந்தன. ஹங்கேரியை நான்குக்கும், அமெரிக்காவை ஏழுக்கும், ஜப்பானை ஒன்பதுக்கும் பூச்சியமாக இந்தியா வென்றது. தாரா விமானத்தில் வந்து இறங்கினார். அரையிறுதியில் பிரான்சுக்கு எதிராக அவர் களம் இறங்கினார். பத்துக்குப் பூச்சியம் என்று வெற்றி. இறுதி ஆட்டத்தில் எதிரே நிற்கப் போவது ஒரு மாதத்துக்கு முன் நம்மைத் தோற்கடித்த அதே ஜெர்மனி.

ஆகஸ்டு 14ஆம் நாள் நடக்க வேண்டிய ஆட்டம் மழையால் மறுநாளுக்குத் தள்ளிப் போயிற்று. ஆகஸ்டு 15 காலையில் நம்மவர் மனம் கலங்கியிருந்தது. அந்த நான்குக்கு ஒன்று என்ற எண் எல்லோர் நெஞ்சிலும் உறுத்திக்கொண்டிருந்தது. உடை மாற்றும் அறையில் மேலாளர்களுள் ஒருவரான பங்கஜ் குப்தா திடீரென்று ஒரு மூவர்ணக் கொடியை எடுத்து அவர்கள் முன் விரித்தார். அது காங்கிரசின் கொடி. ஆங்கிலேயர் ஆட்சியில், பிரிட்டிஷ் இந்தியக் கொடியின் கீழ் ஆட வந்தவர்கள் அவர்கள். பலர் படையிலும் ரயில்வேயிலும் சர்க்கார் உத்தியோகம் பார்ப்பவர்கள். அவர்கள் எல்லோரும் அந்தக் கொடியை வணங்கிவிட்டு மைதானத்துக்குச் சென்றார்கள். பதினோரு ஆண்டுகளுக்குப் பின் அதே ஆகஸ்டு 15 நமக்கு என்ன நாளாயிற்று என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அன்று ஆடிய பதினொருவர் பெயரையும் இங்கே எழுதிவிடுகிறோம். தியான்சந்தின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்பட வேண்டியவர்கள் அவர்கள். கோலில் ஆலன். அவருக்கு முன் டாப்செல், முகம்மது உசேன். அடுத்த வரிசையில் பாபு நிமல், கல்லன், காலிபார்டி. முன்வரிசையில் வலமிருந்து இடமாக ஷகாபுதீன், தாரா, தியான்சந்த், ரூப் சிங், ஜாபர்.

முதற்பாதியில் ஜெர்மானியர் கடுமையாக எதிர்த்து நின்றார்கள். ஈரத் தரையில் நம்மவர் கால்கள் வழுக்கின. இடைவேளையின்போது இந்தியா ஒரே ஒரு கோல் முன்னே நின்றது. பின்பாதி தொடங்கியதும் தியான்சந்த் ஆணி வைத்த காலணியையும் காலுறையையும் கழற்றிவிட்டு, ரப்பர் அடி போட்ட காலணியோடு ஆடினார். அதன்பின் வலமும் இடமும் மாறி மாறிப் பந்து ஓடியது. இடப்பக்கம் காவலைக் கூட்டினால் தாரா வலப்பக்கத்தில் வருகிறார். வலப்பக்கம் திரும்பினால் ரூப் சிங்கும் ஜாபரும் வருகிறார்கள். எல்லோரையும் கவனித்தால் நடுவில் தியான்சந்த் நிற்கிறார். ஜெர்மனி ஒரு கோல் அடித்தது. அந்த ஒலிம்பிக்கில் இந்தியா வாங்கிய கோல் அது ஒன்றே. முடிவில் எட்டுக்கு ஒன்று என்று இந்தியா வென்றது. கோல் அடித்தவர் பட்டியலில் தலைவரோடு ரூப் சிங், ஜாபர், டாப்செல், தாரா ஆகியோர் பெயரும் இருந்தன. டாப்செல் பின்வரிசைக்காரர் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

பெர்லினில் இந்தியா ஐந்து ஆட்டங்களில் அடித்தவை 38 கோல்கள். அது தியான்சந்தின் மூன்றாவது தங்கப் பதக்கம். அதுவே கடைசியுமாயிற்று. 1940, 1944 ஆண்டுகளில் உலகப் போரின் காரணமாக ஒலிம்பிக் நடக்கவில்லை. ஓர் ஆட்டக்காரரின் நல்ல ஆண்டுகளைப் போர் எடுத்துக்கொண்டது.

1947ஆம் ஆண்டு இறுதியில் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. இந்தியக் குழு வர வேண்டும், அதில் தியான்சந்த் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அப்போது அவருக்கு வயது 42. கண்டிப்பாக அவரைப் பார்க்க வேண்டுமென்று காத்திருந்த மக்களுக்காகச் சென்றார். 60 கோல்களுக்கு மேல் அடித்தார். அந்தப் பயணத்தில் அவரையும் மிஞ்சிக் கோல் அடித்தவர் கே. டி. சிங் பாபு. அவருடைய தலைமையில்தான் இந்தியா 1952இல் ஹெல்சின்கியில் தங்கம் வென்றது.

நாடு இரண்டாகப் பிரிந்தபோது பெர்லின் தோழர்களும் பிரிந்தார்கள். தாரா பாகிஸ்தானுக்குச் சென்றார். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் அந்நாட்டு ஹாக்கிக் குழுவின் தலைவர் அவரே. ஒரு காலத்தில் தியான்சந்துக்கு வலப்புறம் நின்றவர் இப்போது இன்னொரு கொடியின் கீழ் நின்றார்.

தியான்சந்தின் தன்வரலாறு 1952இல் நூலாக வந்தது. அதன் பெயர் கோல். அதை வெளியிட்டது நம் சென்னையிலிருந்து வந்துகொண்டிருந்த ஸ்போர்ட் அண்டு பாஸ்டைம் பத்திரிகை என்பது நமக்கு மகிழ்ச்சியான செய்தி. 1956இல் மேஜர் பதவியோடு படையிலிருந்து ஓய்வு பெற்றார். அதே ஆண்டு பத்மபூஷண் விருதும் கிடைத்தது. பாட்டியாலாவிலுள்ள தேசிய விளையாட்டுப் பயிற்சி நிலையத்தில் இளைஞர்களுக்கு ஹாக்கி கற்பித்தார். அவருடைய மகன் அசோக் குமார் 1975இல் கோலாலம்பூரில் நடந்த உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் பாகிஸ்தானுக்கு எதிராக வெற்றிக் கோல் அடித்ததைக் காணும் பேறும் தந்தைக்குக் கிடைத்தது.

பிற்காலத்தில் அவர் வசதியாக வாழவில்லை. ஜான்சியிலே எளிய வாழ்க்கை. உடல்நலம் குன்றி டெல்லி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர், 1979 டிசம்பர் 3ஆம் நாள் காலமானார். அவர் பிறந்த ஆகஸ்டு 29ஐத் தேசிய விளையாட்டு நாளாகக் கொண்டாடுகிறோம். டெல்லி தேசிய ஸ்டேடியத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். 2021இல் நாட்டின் மிக உயர்ந்த விளையாட்டு விருதுக்கும் அவர் பெயரைச் சூட்டினார்கள்.

உடலை டெல்லியிலிருந்து ஜான்சிக்குக் கொண்டுவந்தார்கள். அவருக்கு எரியூட்டிய இடம் சுடுகாடு அன்று. ஜான்சி ஹீரோஸ் கழகத்தின் ஆட்ட மைதானம்.